லினக்ஸ் போடுவது முடிவாகிவிட்டது, எந்த டெஸ்க்டாப்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஐந்தாம், ஆறாம் தலைமுறை லேப்டாப்புகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓய்வுபெறச் சொல்லப்பட்டுவிட்டன. அதனால் "லினக்ஸ் போட்டுக் கொடேன்" என்று கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். போடுவது அரைமணி நேர வேலை. அதற்கு முன்னால் வரும் கேள்விதான் ஆளைக் குழப்புகிறது: திரையில் தெரியும் முகமான டெஸ்க்டாப் எது, க்னோமா, கேடிஇயா, சினமனா, எக்ஸ்எஃப்சிஇயா?

தேடிப் பார்த்தால் ஸ்க்ரீன்ஷாட்டுகளாக வந்து கொட்டும். அவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வால்பேப்பர், ஐகான், நிறம் எல்லாம் எதிலும் மாற்றிக்கொள்ளக்கூடியவை. எளிதில் மாறாதவை இரண்டு: மெஷினில் இருக்கும் ரேம், அதன்முன் உட்காரப் போகிறவரின் கைப்பழக்கம். இவை இரண்டும் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிடும். மிச்சக் கால்வாசியில் தமிழ் தட்டச்சு, திரை என்று சில சில்லறை விஷயங்கள் உண்டு. சில்லறை என்றாலும் தினமும் உறுத்தும் விஷயங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைஃபை பிடிக்கவில்லை, பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று டெஸ்க்டாப்பை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பலனில்லை. வைஃபை கெர்னல் (லினக்ஸின் மையக்கரு), ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் நிரல்) சமாசாரம். பிரிண்டரைக் கவனிப்பது கப்ஸ் என்ற நிரல்; அது எல்லா டெஸ்க்டாப்புக்கும் அடியில் ஒன்றேதான். டெஸ்க்டாப் என்பது மேலே தெரியும் பட்டை, மெனு, ஜன்னல்களை நகர்த்தும் நிரல், கோப்பு மேலாளர், செட்டிங்ஸ், இவ்வளவுதான். லிப்ரே ஆஃபீஸோ ஃபயர்ஃபாக்ஸோ எதிலும் ஓடும்.

ரேம் கணக்கு

"எது ரொம்ப லேசு?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பதில் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்ததுதான். எல்எக்ஸ்க்யூடி, எக்ஸ்எஃப்சிஇ லேசானவை, மாத்தே அதற்கு அடுத்து, சினமனும் கேடிஇ பிளாஸ்மாவும் நடுவில், க்னோம் கனம். ஆனால் இந்த வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டால் ஏமாறுவோம். எதையும் திறக்காத நிலையில் எக்ஸ்எஃப்சிஇ சுமார் முக்கால் ஜிபியில் நிற்கும். உபுண்டுவின் க்னோம் ஒன்றேகால், ஒன்றரை வரை போகும். டிஸ்ட்ரோவை (உபுண்டு, மின்ட், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பை)ப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆக வித்தியாசம் அரை ஜிபி, மிஞ்சினால் முக்கால். ப்ரவுசரைத் திறந்து வாட்ஸ்அப் வெப், ஜிமெயில், யூடியூப், ஒரு செய்தித்தளம் என்று நாலு டேப் போட்டாலே அதைவிட இரண்டு மடங்கு போய்விடும்.

எனவே 8 ஜிபி ரேம் இருந்தால் லேசு, கனம் என்ற பேச்சையே விட்டுவிடலாம். பிடித்ததைப் போடுங்கள். 4 ஜிபி என்றால்தான் அந்த அரை ஜிபிக்கு மதிப்பு. நாலாவது டேப் திறக்கும்போது மெஷின் ஸ்வாப்புக்கு (ரேம் போதாமல் டிஸ்க்கைப் பயன்படுத்தும் நிலைக்கு)ப் போகுமா, போகாதா என்பதை அதுதான் தீர்மானிக்கும். அங்கே எக்ஸ்எஃப்சிஇ போடுவதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. 2 ஜிபி மெஷினில் எல்எக்ஸ்க்யூடி நன்றாகவே ஓடும், ஆனால் இன்றைய இணையதளங்கள் ஓடாது. அதை எந்த டெஸ்க்டாப்பும் சரிசெய்யாது.

ரேம் எவ்வளவு போகிறது என்று பார்க்க டெர்மினலில் ஃப்ரீ கட்டளை கொடுப்பவர்கள், அதே பெயரில் வரும் "ஃப்ரீ" என்ற பத்தியைப் பார்த்துப் பதறுவார்கள். அது எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். சும்மா கிடக்கும் ரேமை கெர்னல் டிஸ்க் கேஷுக்கு எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு நிரல் கேட்டதும் திருப்பித் தந்துவிடும். பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் "அவெய்லபிள்" பத்தியை. ப்ரவுசரில் உங்கள் வழக்கமான டேப்களைத் திறந்துவைத்துவிட்டு அதைப் பாருங்கள். வெறும் டெஸ்க்டாப்பில் எடுத்த அளவு யாருக்கும் உபயோகமில்லை.

அப்புறம், லேப்டாப்பில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் டெஸ்க்டாப் ஒப்பீட்டை ஒத்திவைத்துவிட்டு முதலில் ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் எக்ஸ்எஃப்சிஇயைவிட எஸ்எஸ்டியில் ஓடும் க்னோம் வேகமாகத் தோன்றும். ரேமுக்குக் காலி ஸ்லாட் இருந்தால் இன்னொரு 4 ஜிபி போடுவதும் அதே மாதிரி. இந்தக் கட்டுரையின் பாதியை நீங்கள் படிக்கவே வேண்டியிருக்காது.

கேடிஇ கனமானது என்ற பேச்சு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2008 ஜனவரியில் வந்த கேடிஇ 4.0 அரைவேக்காடாக வெளியானதில் கிடைத்த கெட்ட பெயர் அது. கேடிஇயின் இன்றைய டெஸ்க்டாப்பான பிளாஸ்மா 6 பெரும்பாலும் க்னோமைவிடக் குறைவாகவே ரேம் எடுக்கிறது.

கைப்பழக்கம்: ஒரு பழைய சண்டையின் வாரிசுகள்

இத்தனை டெஸ்க்டாப் எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். எது யாருக்கானது என்பது அதிலிருந்தே விளங்கிவிடும். கேடிஇ 1996 அக்டோபரில் தொடங்கியது. அது நம்பியிருந்த க்யூடி என்ற நிரல் நூலகத்தின் உரிமம் அப்போது முழுச் சுதந்திரமானதாக இல்லை என்று 1997-இல் க்னோம் தொடங்கப்பட்டது. இரண்டும் ஏறக்குறைய விண்டோஸ் மாதிரியான பட்டை, மெனு என்றுதான் போய்க்கொண்டிருந்தன. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்து எல்லாவற்றையும் துடைத்துப்போட்டது. கீழ்ப்பட்டை இல்லை, மெனு இல்லை, மினிமைஸ் பட்டன்கூட இல்லை. ஒரே கூச்சல். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கோபித்துக்கொண்டு எக்ஸ்எஃப்சிஇக்குப் போனார். பழைய க்னோம் 2-இன் மூல நிரலை எடுத்துத் தொடர்ந்தவர்கள் மாத்தேயை உண்டாக்கினார்கள். புது க்னோமின் தொழில்நுட்பத்தை வைத்துக்கொண்டே பழைய முகத்தைத் திருப்பிக் கொண்டுவந்த லினக்ஸ் மின்ட் குழுவினரின் வேலைதான் சினமன்.

ஆகவே சினமன், மாத்தே, எக்ஸ்எஃப்சிஇ மூன்றும் "கையை மாற்றச் சொல்லாதே" என்கிறவர்களுக்கானவை. கேடிஇயும் அந்தப் பக்கம்தான், ஆனால் அது எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள் என்று திறந்துவிடும். க்னோம் மட்டும் "நான் சொல்கிற மாதிரி வேலை செய்து பார்" என்று நிற்கிறது.

இதை க்னோம் மீதான குறையாகச் சொல்லவில்லை. நல்ல டச்பேட் உள்ள லேப்டாப், ஒரே ஆள், விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கப் பிடிக்காதவர் என்றால் இதைப்போல் வேறில்லை. சூப்பர் விசையை (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) ஒருமுறை தட்டினால் திறந்திருக்கும் ஜன்னல்கள் எல்லாம் பரந்து நிற்கும்; இதற்குப் பெயர் ஓவர்வியூ. அப்படியே இரண்டு எழுத்து அடித்தால் வேண்டிய நிரல் வந்துவிடும். மூன்று விரலைப் பக்கவாட்டில் தள்ளினால் அடுத்த வொர்க்ஸ்பேஸ். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். பழகிய பிறகு மற்ற டெஸ்க்டாப்புகள் இரைச்சலாகத் தெரியும். ஆனால் மவுஸை வைத்தே எல்லாம் செய்கிறவருக்கு, ஓவர்வியூவைத் திறக்க ஒவ்வொரு முறையும் மூலைக்குப் போய்த் திரும்புவது தண்டனை. உபுண்டு இதை உணர்ந்து இடதுபக்கம் ஒரு டாக், டெஸ்க்டாப் ஐகான்கள், ட்ரே ஐகான்கள் எல்லாம் சேர்த்துத்தான் க்னோமைத் தருகிறது. ஃபெடோரா, டெபியன் தருவது கலப்பில்லாத க்னோம்.

பிடிக்காததை எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் குட்டி நிரல்) போட்டுச் சரிசெய்துகொள்ளலாமே என்பார்கள். செய்யலாம். ஆனால் க்னோம் மார்ச், செப்டம்பர் என்று ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறது. ஒவ்வொன்றிலும் சில எக்ஸ்டென்ஷன்கள் படுத்துவிடும். 2023 செப்டம்பரில் க்னோம் 45 வந்தபோது எக்ஸ்டென்ஷன் எழுதும் முறையே மாறியதால் அத்தனையையும் திருத்த வேண்டியதாயிற்று. ஐந்து எக்ஸ்டென்ஷன் போட்டால்தான் க்னோமைச் சகிக்க முடிகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது க்னோம் இல்லை, கேடிஇ.

கைப்பழக்கம் என்பதை ஒரு ஜெராக்ஸ் கடையை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். கடைக்காரர் வாட்ஸ்அப் வெப்பில் வரும் கோப்புகளை இறக்குவார், டெஸ்க்டாப்பிலேயே போடுவார், ஒரே நேரத்தில் ஏழெட்டு பிடிஎஃப் திறந்திருக்கும். ஆதார் நகல், மார்க்‌ஷீட், ஹால் டிக்கெட் எல்லாமே வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. க்னோமின் ஓவர்வியூவில் அவற்றைச் சின்னச் சின்ன முன்காட்சிகளாகப் பார்த்து எது யாருடையது என்று கண்டுபிடிப்பதற்குள் வரிசையில் நிற்பவர் பொறுமை இழந்துவிடுவார். அவருக்கு வேண்டியது கீழ்ப்பட்டையில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு பட்டன், அதில் கோப்பின் பெயர். மாத்தேயில் அது இயல்பாகவே அப்படித்தான். எக்ஸ்எஃப்சிஇயில் விண்டோ பட்டன்ஸ் அமைப்பில் பெயரைக் காட்டச் சொல்லலாம். சினமன் ஒரே நிரலின் ஜன்னல்களைச் சேர்த்துக் குவித்துவிடும். பட்டையில் அதைச் செய்யும் ஆப்லெட்டை (குட்டி நிரலை) எடுத்துவிட்டு "விண்டோ லிஸ்ட்" என்பதைப் போட வேண்டும். கேடிஇயிலும் வெறும் ஐகான்தான் வரும். அதன்மேல் வலது க்ளிக் செய்து "ஷோ ஆல்டர்நேட்டிவ்ஸ்" போய் சாதாரண டாஸ்க் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் போதும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்துகொடுத்தாலே "விண்டோஸ் மாதிரியே இருக்கே" என்பார்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் என் கை முதலில் லினக்ஸ் மின்ட்டின் சினமனுக்குத்தான் போகும். சுற்றிக்காட்டவே தேவையில்லை. இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், அவ்வளவுதான். கேடிஇயை இவர்களுக்குக் கொடுக்கத் தயங்குவேன். அது மோசமென்று இல்லை. எதை வேண்டுமானாலும் இழுத்து நகர்த்த முடியும் என்றால், வேண்டாததும் இழுபடும். பட்டை எங்கே போயிற்று என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோன் வரும்.

அதே கேடிஇ, கணினியைத் தன் இஷ்டத்துக்கு வளைத்துக்கொள்கிறவர்களுக்கு விருந்து. டால்ஃபின் கோப்பு மேலாளரில் எஃப்3 தட்டினால் ஜன்னல் இரண்டாகப் பிரிந்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கோப்புகளை இழுத்துப் போடலாம். கேடிஇ கனெக்ட் மூலம் ஃபோனில் வரும் அறிவிப்புகள் கணினியில் தெரியும். கணினியில் காப்பி செய்ததை ஃபோனுக்கு அனுப்பலாம். க்னோமிலும் ஜிஎஸ்கனெக்ட் எக்ஸ்டென்ஷன் போட்டால் இது கிடைக்கும். மேலே சொன்ன ஆறுமாதக் கண்டம் அதற்கும் உண்டு. வால்வ் நிறுவனத்தின் விளையாட்டுக் கருவியான ஸ்டீம் டெக் டெஸ்க்டாப் பயன்முறைக்குப் போனால் நிற்பது பிளாஸ்மாதான். விளையாட்டுப் பிரியர்களிடம் இது பரவ அதுவும் ஒரு காரணம்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு

ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகளில் இது இருக்காது. ஆனால் நாளெல்லாம் தமிழில் அடிக்கிற ஒருவருக்கு ரேமைவிட இது முக்கியம்.

தமிழ்99 சரியாக வேலை செய்ய வெறும் விசைப்பலகை அமைப்பு போதாது. அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் "அம்மா" என்று வர வேண்டும். நடுவில் புள்ளியும் கடைசியில் காலும் தாமாக விழ வேண்டும். முன்னால் என்ன அடித்தோம் என்று பார்த்து முடிவுசெய்யும் உள்ளீட்டு நிரல் இருந்தால்தான் இது நடக்கும். லினக்ஸில் அந்த வேலையை ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் செய்கிறது. இரண்டுமே தமிழ் அமைப்புகளை எம்17என் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றன.

இந்த விஷயத்தில் க்னோமுக்கு முதலிடம். ஐபஸ் அதற்குள்ளேயே இணைந்திருக்கிறது. ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவி, ஒருமுறை லாக் அவுட் செய்துவிட்டு வந்து, செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியில் தமிழைச் சேர்த்தால் முடிந்தது. சூப்பர் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் தமிழ், மறுபடி தட்டினால் ஆங்கிலம். ஆனால் பொதியை நிறுவாமலே அந்தப் பட்டியலைத் திறந்தாலும் "தமிழ்நெட் 99" என்று ஒன்று கண்ணில் படும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எழுத்து சேரவில்லையே என்று குழம்புகிறவர்கள் அநேகம். அது வெறும் விசைப்பலகை அமைப்பு. எம்17என் என்று குறிப்பிட்டு வருவதைத்தான் எடுக்க வேண்டும்.

கேடிஇயில் வேலேண்டில் (ஜன்னல்களைத் திரையில் காட்டும் புது முறை; பழையது எக்ஸ்11) ஓடும்போது ஒரு விசித்திரமான கதவு வழியாக நுழைய வேண்டும். சிஸ்டம் செட்டிங்ஸில் "விர்ச்சுவல் கீபோர்டு" என்று ஒரு பக்கம் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் தொடுதிரையில் வரும் விசைப்பலகை என்றுதான் யாருக்கும் தோன்றும், திறந்துகூடப் பார்க்க மாட்டோம். எஃப்சிடிஎக்ஸ் 5-ஐ அங்கேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பிறகு சுகமாக ஓடும். மின்ட்டில் மெனுவில் "இன்புட் மெத்தட்" என்று தேடினால் தனியாக ஒரு கருவி வரும்; அதில் ஐபஸையோ எஃப்சிடிஎக்ஸையோ தேர்ந்தெடுத்து லாக் அவுட் செய்ய வேண்டும். எக்ஸ்எஃப்சிஇயில் உள்ளே ஒன்றும் கிடையாது. டெபியன், உபுண்டு வகைகளில் ஐஎம்-கான்ஃபிக் என்ற கருவி மூலம் நாமே பொருத்திக்கொள்ள வேண்டும். பத்து நிமிட வேலைதான், ஆனால் வீட்டுக்காரர்களுக்குப் போட்டுக் கொடுப்பதானால் இதை முடித்துச் சோதித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் ஒரு வரி, லிப்ரே ஆஃபீஸில் ஒரு வரி அடித்துப் பாருங்கள். ஒன்றில் வந்து இன்னொன்றில் வராமல் போவது உண்டு.

திரையும் வேலேண்டும்

பழைய 1366×768 திரை, ஒரே மானிட்டர் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள்.

அடர்த்தியான திரையில் எழுத்து எறும்பு மாதிரித் தெரிந்து 125, 150 சதவீதம் பெரிதாக்க வேண்டியிருந்தாலோ, அந்த லேப்டாப்போடு ஒரு பழைய மானிட்டரையும் சேர்த்து வெவ்வேறு அளவில் வைக்க வேண்டியிருந்தாலோ, கேடிஇ தெளிவாக முன்னால் நிற்கிறது, அடுத்து க்னோம். இரண்டும் வேலேண்டுக்கு மாறிவிட்டவை. பிளாஸ்மா 6, 2024 பிப்ரவரியிலேயே அதை இயல்பாக்கிவிட்டது. உபுண்டு 25.10-இல் க்னோமுக்கு எக்ஸ்11 அமர்வே கிடையாது. சினமனிலும் எக்ஸ்எஃப்சிஇயிலும் வேலேண்ட் இன்னும் சோதனை நிலையில்தான், எக்ஸ்எஃப்சிஇ 4.20 அதை 2024 டிசம்பரில்தான் தொட்டது. எக்ஸ்11-இல் 125, 150 மாதிரி இடைப்பட்ட அளவில் பெரிதாக்கினால் எழுத்து மங்கும், அல்லது கிராஃபிக்ஸ் திணறும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புது ட்ரைவர் கிடைக்காத பழைய என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், எக்ஸ்11-இலேயே நிற்கும் சினமனும் எக்ஸ்எஃப்சிஇயும்தான் வம்பில்லாதவை.

மற்றவை

மாத்தே நல்லதுதான், வளர்ச்சி மெதுவாக இருக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ இருக்கும்போது அதைத் தேடிப்போக வலுவான காரணம் குறைவு. பட்ஜி பார்க்க லட்சணம். சிஸ்டம்76 நிறுவனம் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதியிருக்கும் காஸ்மிக் 2025 இறுதியில்தான் முதல் முழுப் பதிப்பைக் கண்டது. ஆர்வத்துக்குப் போட்டுப் பார்க்கலாம், அடுத்தவர் மெஷினில் இப்போதைக்கு வேண்டாம்.

போட்டுப் பார்த்து முடிவெடுக்க

இரண்டுக்குள் இழுபறி என்றால் ஒரு பெண்டிரைவில் வென்டாய் என்ற கருவியைப் போட்டு, அதில் இரண்டின் ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்புகளையும் அப்படியே காப்பி செய்யுங்கள். எதில் பூட் ஆக வேண்டும் என்று அதுவே கேட்கும். நிறுவாமலே லைவ் முறையில் வேலை செய்து பார்க்கலாம். வேகத்தை மட்டும் இதில் எடைபோடாதீர்கள். மெதுவான பெண்டிரைவில் எல்லாமே ஊரும். கை எதைத் தேடுகிறது, எது கிடைக்காமல் தவிக்கிறது என்று கவனித்தால் போதும். ஒலி, பிரகாச விசைகள், திரையை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஏற்கனவே ஒன்று நிறுவியிருந்து, இன்னொன்றையும் அதன் மேலேயே போட்டுப் பார்க்கவும் வழி உண்டு. நிறுவிய பிறகு லாகின் திரையில் தேர்ந்தெடுக்கலாம். க்னோமின் லாகின் திரையில் உங்கள் பெயரை க்ளிக் செய்த பிறகுதான் வலது கீழ் மூலையில் பல்சக்கர ஐகான் வரும். அதற்கு முன் தேடினால் கிடைக்காது, "எங்கே இருக்கிறது?" என்று பலரும் கேட்பது இதனால்தான். ஆனால் ஒரே கணினியில் க்னோமும் கேடிஇயும் சேர்ந்தால் மெனுவில் இரண்டு டெர்மினல், இரண்டு கோப்பு மேலாளர், கடவுச்சொல் சேமிக்க இரண்டு பெட்டகம் என்று நிறைந்துவிடும்; ஒன்றின் தீம் இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும். சோதிப்பதானால் அதற்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் மட்டும் சோதியுங்கள். எது என்று முடிவானதும், அந்த டெஸ்க்டாப்போடே வரும் ஐஎஸ்ஓவை எடுத்துப் புதிதாக நிறுவிவிடுங்கள். ஹோம் ஃபோல்டரிலிருந்து ஆவணங்களையும் படங்களையும் மட்டும் கொண்டுவந்தால் போதும்; புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகளைப் பழைய இடத்திலேயே விட்டுவிடலாம். ப்ரவுசர் புக்மார்க்கை மட்டும் முன்னதாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.